மன்னார் வளைகுடாத் தீவுகளில் சுற்றுலா: எங்கெல்லாம் தவறு நடக்கிறது?

ராமேஸ்வரம் தொடங்கி தூத்துக்குடி வரைக்கும், கரையை ஒட்டினாற்போல 21 தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. குருசடை, மனோலி, முயல் தீவு, அப்பா தீவு, நல்லதண்ணி, காரைச்சல்லி, வான் தீவு என்று பெயர்களைச் சொன்னால் ராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டக்காரர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு இப்போதுதான் வீடியோக்கள் வழியாகத் தெரியவருகிறது. ‘தமிழ்நாட்டு மாலத்தீவு’ என்று தலைப்புப் போட்டு ஒரு வீடியோ வந்தால் போதும், அடுத்த வாரமே பாம்பனில் நாலு பேர் வண்டியை நிறுத்தி, “தீவுக்குப் போக படகு கிடைக்குமா?” என்று கேட்கிறார்கள்.

இந்தத் தீவுகளை வைத்துக் கரையோர ஊர்கள் நன்றாகவே பிழைக்க முடியும். மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, வேம்பார், தருவைகுளம் எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் முதலிலேயே தப்பான கணக்குப் போட்டுவிட்டால் பத்து வருடத்தில் தீவும் இருக்காது, தொழிலும் இருக்காது. படகு, ஹோம்ஸ்டே, டூர் என்று இறங்க நினைப்பவர்களுக்காகவும், ஊராட்சியில், நகராட்சியில் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்காகவும்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். போய்ப் பார்க்க ஆசைப்படுகிறவர்களும் படித்துவிட்டுக் கிளம்பினால் நல்லது.

தீவில் இறக்கிவிடுவதுதான் சுற்றுலா என்று நினைப்பது

எல்லாத் தவறுகளுக்கும் ஆணிவேர் இதுதான். இந்த 21 தீவுகளும் 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன. பூங்காவின் பரப்பு 560 சதுர கிலோமீட்டர். அதைச் சுற்றி 10,500 சதுர கிலோமீட்டர் 1989 முதல் உயிர்க்கோளக் காப்பகம். வனத்துறை அனுமதி இல்லாமல் தீவில் கால் வைப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். “எங்க ஆளு ஒருத்தர் கொண்டுபோய் விடுவார், யாரும் கேட்க மாட்டாங்க” என்று எவராவது சொன்னால், மாட்டிக்கொள்ளும்போது அவர் கூட இருக்க மாட்டார்.

சட்டத்தைக்கூட விடுங்கள். தீவுகளின் அளவைப் பாருங்கள். ஆகப் பெரிய முயல் தீவே 130 ஹெக்டேருக்குள்தான். பல தீவுகள் சில ஹெக்டேர்தான் தேறும். செத்த பவளத்தின் மேல் மணல் சேர்ந்து உருவான தாழ்வான திட்டுகள் இவை. சுற்றியுள்ள பவளப் பாறைகள் அலையின் வேகத்தை உடைப்பதால்தான் கடலுக்கு மேல் நிற்கின்றன. அந்த அரண் போனால் என்ன ஆகும் என்று யாரும் ஊகிக்க வேண்டியதில்லை, ஏற்கெனவே நடந்துவிட்டது. சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் படகு படகாகப் பவளத்தை வெட்டி எடுத்த காலம் ஒன்று இருந்தது. அதன் விளைவாக கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டித் தீவும், தூத்துக்குடிப் பக்கம் விலாங்குச்சல்லித் தீவும் தண்ணீருக்குள் போய்விட்டன. 21 என்று நாம் எண்ணுவதில் இரண்டு இப்போது வரைபடத்தில் மட்டும்தான் தீவு. காரைச்சல்லி 1969இல் ஏறக்குறைய 21 ஹெக்டேர் இருந்தது; 2018இல் 6 ஹெக்டேருக்கும் கீழே இறங்கிவிட்டது. வான் தீவும் தேய்ந்துகொண்டே வந்ததால், அதைக் காப்பாற்ற கடலுக்கடியில் செயற்கைப் பாறைகளை இறக்க வேண்டியதாயிற்று.

இப்படிப்பட்ட இடத்தில் குடில், கேம்ப் ஃபயர், இரவுத் தங்கல் என்று திட்டம் போடுவது அக்கிரமம். தங்குவது, சாப்பிடுவது, கடை, கழிப்பறை எல்லாம் கரையில்தான் இருக்க வேண்டும். தீவு என்பது படகிலிருந்து பார்க்கிற இடம். அனுமதி உள்ள ஓரிரு இடங்களில், அளவான ஆட்களோடு, வழிகாட்டியோடு கொஞ்ச நேரம் இறங்கி ஏறுகிற இடம். பாம்பன் குந்துகாலிலிருந்து குருசடைக்கு வனத்துறை படகு விடுவது இந்த வழியில்தான். காசும் கரையில் தங்குகிற ராத்திரியில்தான் இருக்கிறது. இரண்டு மணி நேரம் தீவைப் பார்த்துவிட்டு அன்றைக்கே மதுரைக்குத் திரும்புகிறவரால் மண்டபத்துக்கு என்ன லாபம்?

தாய்லாந்தின் மாயா பே கதையை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஒரு நாளில் ஐயாயிரம் பேர் வரை வந்து குவிந்த சின்னஞ்சிறு விரிகுடா அது. பவளம் அழிந்ததால் 2018 ஜூனில் மூடினார்கள். 2022 ஜனவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். இப்போது படகுகள் விரிகுடாவுக்குள் வரக் கூடாது. தீவின் பின்பக்கத் துறையில் நிறுத்திவிட்டு நடந்துதான் வர வேண்டும். அவ்வளவு பெரிய வருமானத்தை மூன்று வருடத்துக்கு மேல் இழந்த பிறகு கிடைத்த பாடம். நமக்கு அது இலவசமாகவே கிடைக்கிறது.

நங்கூரத்தைக் கண்ட இடத்தில் போடுவது

மீனவர்கள் பவளப் பாறைத் திட்டைப் ‘பார்’ என்பார்கள். பாருக்கு மேல் பல இடங்களில் இடுப்பளவு, ஆளுயரத் தண்ணீர்தான். பயணிகளுக்குப் பவளத்தைக் கிட்டத்தில் காட்ட வேண்டும் என்று படகைப் பாருக்கு மேலேயே கொண்டுபோய், இன்ஜினை நிறுத்தி நங்கூரத்தைத் தூக்கிப் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விழுகிற இடத்தில் மான்கொம்புப் பவளம் நொறுங்குகிறது. அதோடு முடிவதில்லை. காற்றுக்குப் படகு பின்வாங்க, கயிறு இழுக்க, நங்கூரம் தரையைக் கீறிக்கொண்டே போய் ஏதாவது ஒரு கட்டிப் பவளத்தின் இடுக்கில் மாட்டுகிறது. கிளம்பும்போது இரண்டு பேர் சேர்ந்து இழுத்தால் அதையும் பெயர்த்துக்கொண்டு வருகிறது. அந்த மாதிரி கட்டிப் பவளம் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். தலையளவு உருண்டை ஒன்று பெயர்ந்தால், அந்த அளவுக்கு இன்னொன்று வளரப் பல வருடம் ஆகிவிடும்.

இன்ஜின் விசிறி கிளப்புகிற சேறு இன்னொரு கேடு. பவளத்தின் மேல் மண் படிந்தால் அதற்கு வெளிச்சம் கிடைக்காது, மூச்சுத் திணறும். ஆவுளியா என்கிற கடற்பசு மேய்கிற கடற்புல் தரைகளிலும் இதே கதைதான். விசிறி வெட்டிய கோடு தரையில் நெடுநாள் அப்படியே கிடக்கும்.

தீர்வு ஒன்றும் பெரிய செலவு பிடித்ததில்லை. பாருக்கு வெளியே மணல் தரையில் நிலையான மிதவைகளைக் கட்டிவிட்டு, எந்தப் படகாக இருந்தாலும் அதில்தான் கயிறு மாட்ட வேண்டும் என்று வைத்துவிடலாம். எத்தனை மிதவையோ அத்தனை படகு. கூட்டத்தை அளவோடு வைக்க இதைவிட எளிய வழி எனக்குத் தோன்றவில்லை.

காற்றைக் கேட்காமல் சீசன் வைப்பது

இந்தப் பகுதி மீனவர்களுக்கு மன்னார் வளைகுடா தென்கடல், பாக் நீரிணைப் பக்கம் வடகடல். தென்கடலில் கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மே முதல் செப்டம்பர் வரை அலையும் கலங்கலும் அதிகம். வாடை (வடகிழக்குக் காற்று) தொடங்கினால் வடகடல் கொந்தளிக்கும். பொதுவாக ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்கும், அதுவும் காலை நேரத்தில்தான், தென்கடல் தண்ணீர் ஓரளவு தெளிந்து அடங்கிக் கிடக்கும்.

நாம் சீசன் வைப்பதோ பள்ளி விடுமுறையைப் பார்த்து. ஏப்ரல் கடைசியும் மே மாதமும் இங்கே மூன்று விதத்தில் தப்பான நேரம். காற்று ஏறத் தொடங்கிவிடும். கடல் நீர் சூடாகி, அது தாங்காமல் பவளம் நிறமிழந்து வெளுக்கிற காலமும் அதுதான். 2010இலும் 2016இலும் இந்தத் தீவுகளைச் சுற்றி நிறையப் பவளம் வெளுத்தது, 2016இல் செத்ததும் அதிகம். ஏற்கெனவே காய்ச்சலில் கிடக்கிற பவளத்தின் மேல்தான் நாம் அந்த மாதத்தில் கூட்டத்தைக் கொண்டுபோய் விடுகிறோம். மூன்றாவது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். வேலையில்லாமல் கட்டிக் கிடக்கிற விசைப்படகுகாரர்களுக்கு ‘நாலு பேரை ஏற்றிப் போய் வருவோமே’ என்று தோன்றுவது இயல்பு. வயிற்றுப்பாடு அது, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மீன் பிடிக்கக் கட்டிய படகு பயணிகள் படகு ஆகாது.

கடலில் பாவம் பார்ப்பதற்கு இடமே இல்லை. 2011 டிசம்பர் 25இல் பழவேற்காட்டில் அளவுக்கு மீறி ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் செத்தார்கள். 2014 ஜனவரி 26இல் போர்ட் பிளேர் அருகே சுற்றுலாப் படகு மூழ்கியபோது இறந்த 21 பேரில் பெரும்பாலோர் காஞ்சிபுரத்திலிருந்து போனவர்கள். 2017இல் மணப்பாடு கடலில் படகு கவிழ்ந்து இறந்தவர்கள் கோயிலுக்கு வந்த குடும்பத்தார். ஊர் வேறு, கடல் வேறு. திரும்பத் திரும்பக் காதில் விழுகிற காரணம் ஆட்கள் கூடிப்போனதும் லைஃப் ஜாக்கெட் இல்லாததும்தான். ஜாக்கெட் படகில் இருந்தால் போதாது, கரையை விட்டுக் கிளம்பும் முன்பே உடம்பில் இருக்க வேண்டும். ஓட்டுகிறவர் “இன்னைக்குக் காத்து சரியில்ல” என்றால் அன்றைக்குப் பயணம் இல்லை, பணம் வாபஸ். இதை ரசீதிலேயே அச்சடித்துவிட்டால் தகராறும் வராது.

கண்ணாடி மாதிரி நீலத் தண்ணீர் என்று விளம்பரம் செய்வதையும் விட்டுவிட வேண்டும். இங்கே கடலில் வண்டல் கலப்பு உண்டு. லட்சத்தீவுத் தெளிவை எதிர்பார்த்து வந்தவர் ஏமாந்துதான் போவார். இங்கே இருப்பதைச் சொன்னாலே தாராளம்: நூற்றுக்கு மேற்பட்ட பவள வகைகள், கடற்புல் வெளிகள், ஆவுளியா வாழும் கடல், வலசை வரும் பறவைகள், முத்தும் சங்கும் குளித்த கரை.

ஊராரை வேடிக்கை பார்க்க வைப்பது

பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்களைப் போல, தலைமுறை தலைமுறையாக இந்தத் தீவுகளைச் சுற்றிக் கடற்பாசி எடுத்துப் பிழைத்த பெண்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. கண்ணாடி மாட்டி, பாறை கிழிக்காமல் விரல்களில் துணி சுற்றி, வலைப்பையை இடுப்பில் கட்டிக்கொண்டு மூச்சடக்கி முங்குவார்கள். பூங்கா வந்த பிறகு தீவுப் பக்கம் போனால் வழக்கு, அபராதம் என்று அலைக்கழிந்தவர்கள் அவர்கள். அதே தண்ணீரில் நாளைக்கு வெளியூர் முதலாளியின் படகு டிக்கெட் போட்டு ஆட்களை இறக்கினால் அவர்களுக்கு வயிறு எரியாதா? எரிவது நியாயம்தானே.

எந்தப் பாரில் எந்த மாதம் என்ன இருக்கும், நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று அவர்களை விட நன்றாகத் தெரிந்தவர் யார்? வழிகாட்டி வேலையும் படகு உரிமையும் முதலில் அவர்கள் வீடுகளுக்குப் போக வேண்டும். தொண்டி அருகே காரங்காட்டில் அலையாத்திக் காட்டுப் படகுச் சவாரியை ஊர் மக்களும் வனத்துறையும் சேர்ந்து நடத்துகிறார்கள். அங்கத்திய பெண்கள் சமைக்கிற மீன் சாப்பாட்டுக்காகவே போகிறவர்கள் உண்டு. ஏர்வாடிப் பக்கம் பிச்சைமூப்பன்வலசையிலும் இதே முயற்சி. இந்த இரண்டு இடத்தையும் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்து திட்டம் போடுங்கள்.

கரையின் சாக்கடையை மறப்பது

பிலிப்பைன்ஸின் போராக்காய் தீவை 2018இல் ஆறு மாதம் இழுத்து மூடியதற்குக் காரணம் விடுதிக் கழிவுநீர் கடலில் கலந்ததுதான். மறுபடி திறந்தபோது, ஒரே சமயத்தில் 19,215 சுற்றுலாப் பயணிகளுக்கு மேல் தீவில் இருக்கக் கூடாது என்று எண்ணிக்கையை வரையறுத்தார்கள். ராமேஸ்வரமும் மண்டபமும் ஏற்கெனவே யாத்திரைக் கூட்டத்தைத் தாங்குகிற ஊர்கள். புது விடுதிக்கு அனுமதி கொடுக்கும் முன் அதன் கழிவுநீர் எங்கே போகிறது என்று கேட்காவிட்டால், படகையும் நங்கூரத்தையும் ஒழுங்குபடுத்தி ஒரு பயனும் இல்லை.

கடைகளில் பவளத் துண்டு விற்பது, வாங்குவது இரண்டும் குற்றம். பாறை கட்டும் பவளங்களும் கடல் அட்டையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. கரையில் ஒதுங்கிக் கிடந்தது என்று சொன்னாலும் எடுபடாது.

கடைசியாக ஒன்று. வருடக் கடைசியில் ‘இத்தனை லட்சம் பேர் வந்தார்கள்’ என்பதை மட்டும் வெற்றியாகச் சொல்லிக்கொள்கிறோம். அதற்குப் பதிலாக மூன்று கணக்கை ஊராட்சிப் பலகையில் எழுதிப் போடலாம்: வந்தவர்களில் எத்தனை பேர் ஊரில் ஒரு ராத்திரியாவது தங்கினார்கள், படகுக் கட்டணத்தில் எவ்வளவு உள்ளூர்க் குடும்பங்களுக்குப் போனது, மிதவை கட்டிய இடத்தில் போன வருடம் இருந்த உயிர்ப்பவளம் இந்த வருடம் எவ்வளவு இருக்கிறது. மூன்றாவது கணக்கு குறைந்தால் அடுத்த வருடம் அந்த மிதவையை அவிழ்த்துவிட வேண்டும்.