எம்ஜிபி டேஷ்போர்டுல முள்ளு தப்பா காட்டுதா? மீட்டரைக் கழட்டுறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

பழைய எம்ஜிபி (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) வச்சிருக்கவங்க பெட்ரோல் முள்ளு ஏடாகூடமா காட்டுச்சுன்னா முதல் வேலையா டேஷ்போர்டுக்குப் பின்னாடி கைய விட்டு மீட்டரைத்தான் கழட்டுறாங்க, அத மட்டும் பண்ணாதீங்க. அந்த ஸ்மித்ஸ் கம்பெனி மீட்டர் லேசுல கெடாது, கோளாறு பெரும்பாலும் வெளியில ஏதாவது எர்த்துலயோ (கரண்ட் வண்டி பாடி வழியா பேட்டரிக்குத் திரும்புற இணைப்பு) கனெக்ஷன்லயோதான் இருக்கும்.

பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேந்து தப்பா காட்டுதா, இல்ல ஒண்ணு மட்டுமான்னு பாருங்க. ரெண்டுமே சேந்துன்னா சந்தேகமே வேணாம், மீட்டர்களுக்குப் போற வோல்டேஜை நிலையா வைக்கிற வோல்டேஜ் ஸ்டெபிலைசர்தான். டேஷ்போர்டுக்குப் பின்னாடி ஒரு சின்ன தகர டப்பா, உள்ள ஒரு பைமெட்டல் பட்டை, அது சூடாகி வளைஞ்சு கரண்ட்டை விட்டு விட்டு அனுப்பும், சராசரியா 10 வோல்ட் வர்ற மாதிரி. அதனால டிஜிட்டல் மல்டிமீட்டர் வச்சா நம்பர் நிலையா நிக்காம 0க்கும் 12க்கும் தாவும், பயந்துடாதீங்க, அதுதான் சரி. டெஸ்ட் லைட் வச்சா விட்டு விட்டு எரியும், அதுவே போதும். எரிஞ்சுகிட்டே இருந்தா எர்த் போச்சு, இல்ல உள்ள கரண்ட்டை விட்டு விட்டு அனுப்புற பாயின்ட் ஒட்டிக்கிச்சு. டப்பாவோட உடம்புதான் எர்த், அத மாட்டியிருக்க ஸ்க்ரூல துரு பிடிச்சா உள்ள இருக்க காயில் சூடாகாது, பட்டை வளையாது, முழு 12 வோல்ட்டும் அப்படியே போயிடும், ரெண்டு முள்ளும் நிஜத்தைவிட மேல காட்டும். உப்புத்தாள் போட்டு தேச்சு திரும்ப மாட்டுனாலே பல தடவை சரியாயிடும். லைட் எரியவே இல்லன்னா பச்சை வயர்ல கரண்ட் வருதான்னு பாத்துட்டு ஃபியூஸ் பாக்ஸுக்குப் போங்க.

1964க்கு முந்தின வண்டியா இருந்தா இந்த டப்பாவே இருக்காது. சாவி போட்டதும் முள்ளு டக்குன்னு ஏறுனா பழசு, மெதுவா சோம்பேறி மாதிரி ஏறுனா ஸ்டெபிலைசர் இருக்க வண்டி. அதே மாதிரி பழைய மாடல்ல டெம்பரேச்சர் மீட்டருக்கு வயர் கிடையாது, மெல்லிசா ஒரு செப்புக் குழாய்தான் போகும், அது உடைஞ்சா வீட்ல ஒண்ணும் பண்ண முடியாது.

ஸ்டெபிலைசர் இருக்க வண்டியில பெட்ரோல் முள்ளு மட்டும் தகராறுன்னா டேங்க்கிட்ட போங்க. பச்சை-கருப்பு வயரைக் கழட்டி சாவி போட்டா முள்ளு காலியில நிக்கணும், அந்த வயரை பாடியில தொட்டா ஃபுல் பக்கம் ஏறணும். சில செகண்ட்தான், ரொம்ப நேரம் தொட்டு வச்சா மீட்டர் காயில் கருகிடும். ஏறுச்சுன்னா மீட்டரும் வயரும் நல்லாருக்கு, டேங்க் யூனிட்தான் (பெட்ரோல் அளவை மிதவை வச்சு மீட்டருக்குச் சொல்ற சென்சார்) வில்லன், ஆனா அதுக்கு முன்னாடி டேங்க் எர்த்தை ஒரு தடவை பாத்துடுங்க. யூனிட்டோட ரெசிஸ்டன்ஸ் காலியில சுமார் 240 ஓம், ஃபுல்ல 20 ஓம் பக்கம் வரும். எப்பவுமே காலின்னு காட்டுனா யூனிட்டைக் கழட்டி மிதவையை ஆட்டிப் பாருங்க, உள்ள பெட்ரோல் குலுங்குற சத்தம் கேட்டா ஓட்டை. யூனிட் டேங்க்கோட பக்கவாட்டுல இருக்கு, அதனால பெட்ரோலை இறக்காம கழட்டுனா மேல கொட்டும்! பேட்டரியையும் கழட்டிடுங்க, யூனிட்டைப் பிடிச்சிருக்க லாக் ரிங்கைத் தட்டுறதுக்கு இரும்பு வேணாம், பித்தளையோ மரமோ எடுங்க.

டெம்பரேச்சருக்கும் இதே டெஸ்ட்தான், வயர் மட்டும் பச்சை-நீலம். சென்சார் மரையில டேப்பை வண்டி வண்டியா சுத்தியிருந்தா எர்த் கிடைக்காது, முள்ளு சில்லுன்னே நிக்கும்.

ஸ்பீடோ முள்ளு ஆடுனா கேபிள் மடங்கியிருக்கும், இல்ல காஞ்சிருக்கும். கிரீஸ் கொஞ்சமா போடுங்க, மேல் நுனியில வேணவே வேணாம், மீட்டருக்குள்ள ஏறிடும்.

ஆயில் பிரஷர் முள்ளு கதை வேற. ஓடும்போது 50லேருந்து 80 பிஎஸ்ஐ வரணும், அது திடீர்னு விழுந்தா மீட்டரை அப்புறம் சந்தேகப்படலாம், முதல்ல இன்ஜினை ஆஃப் பண்ணுங்க.

புது ஸ்டெபிலைசர் வாங்குனா எலக்ட்ரானிக் வகை நல்லதுதான், ஆனா 1967 வரைக்கும் வந்த எம்ஜிபி பாசிட்டிவ் எர்த் (பேட்டரியோட பிளஸ் முனை பாடியில இருக்கும்), நெகட்டிவ் எர்த்துக்குச் செஞ்சத அதுல மாட்டுனா பொசுங்கிடும், கேட்டு வாங்குங்க.