டிஸ்சார்ஜ் சம்மரியை நம்பாதீர்கள்: மாஸ் டார்ட் கோப்புகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க வழக்கறிஞர் அலுவலகங்களுக்காக மருத்துவ ஆவணங்களைப் படித்துக் காலவரிசை எழுதும் வேலை சென்னையிலும் கோவையிலும் பல ஆண்டுகளாக நடக்கிறது. செயற்கை மூட்டு, குடலிறக்க வலை, மருந்து என்று ஏதோ ஒரு பொருளால் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டுத் தொடுக்கும் மாஸ் டார்ட் வழக்குகள் அதில் கணிசம். ஒவ்வொரு புதிய குழு வந்து உட்காரும்போதும், நான் ஒரு காலத்தில் செய்த அதே தவறுகளை ஏறக்குறைய அதே வரிசையில் செய்கிறது. எழுத்துப்பிழை, பக்க எண் விட்டுப்போவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றுக்கு உங்கள் டீம் லீடரின் குரலே போதும்.

எல்லோருக்கும் ஒரே வழக்கு என்று நினைப்பது

1968இல் வந்த ஓர் அமெரிக்கச் சட்டத்தின்படி, நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கும் ஒரே மாதிரியான வழக்குகளை விசாரணைக்கு முந்தைய வேலைகளுக்காக ஒரே நீதிபதியிடம் சேர்த்துவைக்கிறார்கள். சேர்த்துவைப்பதுதான், கரைத்துவிடுவதில்லை. 3எம் நிறுவனத்தின் காதடைப்பான் காதைக் காக்கவில்லை என்று தொடுத்த வழக்கில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். 2023இல் சுமார் 600 கோடி டாலருக்குச் சமரசமானது. அத்தனை பேரும் ஒரே நீதிமன்றத்தில் இருந்தாலும் ஒவ்வொருவருக்கும் காது எப்போது, எவ்வளவு போனது என்பது தனிக் கதை. ஆகவே ஒருவருக்கு எழுதியதை அடுத்தவர் கோப்பில் ஒட்டிவிட்டுப் பெயரை மட்டும் மாற்றும் பழக்கத்தை இன்றே விடுங்கள்.

அமெரிக்கத் தேதி

03/04/2009 என்றால் மார்ச் 4. ஏப்ரல் 3 அல்ல.

ஸ்டிக்கரைப் பார்க்காமல் பொருளின் பெயரை எழுதுவது

எத்தனை முறை சொன்னாலும் இந்தத் தவறில் மட்டும் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை. இவர் உடம்பில் வைத்தது யாருடைய பொருள், எந்த மாடல்? இதற்குப் பதில் தப்பினால் நீங்கள் கண்விழித்துப் படித்த மற்ற பக்கங்கள் எல்லாம் வீண்.

இடுப்பு மூட்டையே எடுத்துக்கொள்வோம். ஜான்சன் அண்ட் ஜான்சனின் டிபியூ நிறுவனம் 2010 ஆகஸ்டில் தன் ஏ.எஸ்.ஆர். மூட்டைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. அதே நிறுவனத்தின் பினாக்கிள் மூட்டை அப்படித் திரும்பப் பெறவில்லை. ஆனாலும் அதன் மீதும் ஆயிரக்கணக்கில் வழக்கு விழுந்தது. ஏ.எஸ்.ஆர். வழக்குகள் ஒஹாயோவில் ஒரு நீதிபதியிடமும் பினாக்கிள் வழக்குகள் டெக்சாஸில் இன்னொருவரிடமும் சேர்ந்தன. 2013 நவம்பரில் ஏ.எஸ்.ஆருக்குச் சுமார் 250 கோடி டாலர் சமரசம் அறிவித்தபோது பினாக்கிள்காரர்களுக்கு அதில் பங்கில்லை. நோயாளியைக் கேட்டால் “டிபியூ இடுப்பு” என்பார். டிஸ்சார்ஜ் சம்மரியோ பல சமயம் “வலது இடுப்பு முழு மாற்று” என்பதோடு முடித்துக்கொள்ளும். அதை எழுதியவருக்கு நோயாளி நடந்து வீடு போய்ச் சேர்ந்தால் போதும். எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்பது அவர் கவலை இல்லை.

அறுவை அறையில் பெட்டியைப் பிரித்ததும் அதனுள் இருக்கும் ஸ்டிக்கரை உரித்து ஒரு தாளில் ஒட்டுவார்கள். செயற்கை இடுப்பு மூட்டு பல பாகங்கள் சேர்ந்தது: கிண்ணத்துக்கு ஒன்று, அதனுள் பொருந்தும் உள்வரிக்கு ஒன்று, உருண்டைத் தலைக்கு ஒன்று, தண்டுக்கு ஒன்று, திருகு போட்டிருந்தால் அதற்கும். அந்தத் தாள்தான் உங்கள் வழக்கு. அது பல தடவை ஃபேக்ஸில் போய்வந்து, பாதி கறுத்து, தலைகீழாக ஸ்கேன் ஆகி, ஒப்புதல் படிவத்துக்கும் மயக்க மருந்துப் பதிவுக்கும் நடுவே கிடக்கும். கணினியில் தேடினால் இப்படிப்பட்ட பக்கம் அகப்படாது. ‘லாட்’ என்று தட்டிப் பார்த்துவிட்டு, “கிடைக்கவில்லை” என்று எழுதி டீ குடிக்கப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பக்கம் பக்கமாகப் புரட்டத்தான் வேண்டும்.

கிடைத்த பிறகாவது நிதானம் வேண்டும். ‘ரெஃப்’ என்பது கேட்டலாக் எண். ‘லாட்’ என்பது உற்பத்தித் தொகுதி எண். இரண்டையும் எழுத வேண்டும். தொழிற்சாலை போன்ற சின்னத்தின் அருகில் இருப்பது தயாரித்த தேதி. மணற்கடிகாரச் சின்னத்தின் அருகில் இருப்பது காலாவதித் தேதி. சமீபத்தில் ஒரு தம்பி காலாவதித் தேதியை ஆபரேஷன் தேதியாகப் போட்டிருந்தார். அவர் கணக்குப்படி மூட்டைக் கழற்றியது முதலில், பொருத்தியது பிறகு! மங்கிய எண் எட்டா மூன்றா என்று தெரியாவிட்டால் ஊகிக்காதீர்கள். “படிக்க இயலவில்லை” என்று பக்க எண்ணோடு குறித்து, தெளிவான பிரதி கேட்கச் சொல்லுங்கள்.

இதிலும் கொடியது மறு அறுவை சிகிச்சை. ஒரு பெண்மணியின் கோப்பு இன்னும் எனக்கு உறுத்துகிறது. மூட்டைப் பொருத்தியது ஒரு மருத்துவமனை. சில வருடம் கழித்து அதைக் கழற்றி வேறொன்று வைத்தது இன்னொரு மருத்துவமனை. முதல் இடத்திலிருந்து வந்தது வெறும் சுருக்கப் பிரதி. இரண்டாவது இடத்திலிருந்தோ கண்ணாடி மாதிரி தெளிவான ஸ்டிக்கர் தாள். கோப்பைப் படித்தவர் மகிழ்ந்துபோய் அந்த எண்களை அப்படியே எழுதிவிட்டார். அவை புதிதாக வைத்த மூட்டின் எண்கள். வலி கொடுத்த பழைய மூட்டு வேறு கம்பெனியுடையது. வழக்கு, ஒரு பாவமும் அறியாத கம்பெனி மீது பாய்ந்தது. எதிர்த்தரப்பு அதைச் சுட்டிக்காட்டி, சரியான கம்பெனியை நம் பக்கம் கண்டுபிடித்தபோது வழக்குத் தொடுக்க அந்த மாநிலம் வைத்திருந்த கால வரம்பு கடந்துவிட்டிருந்தது. ஸ்டிக்கர் தாளின் தேதியையும் முதல் ஆபரேஷன் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் தீர்ந்திருக்கும். ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடித்துத்தான் அன்றைய பக்க இலக்கை எட்டினார்கள் என்று நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

கிண்ணத்தை அப்படியே விட்டுவிட்டுத் தலையையும் உள்வரியையும் மட்டும் மாற்றுவதும் உண்டு. அப்போது இரண்டு ஆபரேஷனின் தாள்களும் வேண்டும். எது உடம்பில் மிஞ்சியது, எது வெளியே வந்தது என்று தனித்தனியாக எழுத வேண்டும்.

தாளே இல்லையென்றால் அது முடிவல்ல. “முழு ஆவணம்” என்று கேட்டாலும் பல மருத்துவமனைகள் சுருக்கப் பிரதியைத்தான் அனுப்பும். அறுவை அறிக்கை, இம்பிளான்ட் பதிவு, நோய்க்குறியியல் (பேத்தாலஜி) அறிக்கை, கதிரியக்கப் படங்கள், பில் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பல இடங்களில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பிரிவின் பிடியில் இருக்கும். கழற்றிய மூட்டு நோய்க்குறியியல் பிரிவுக்குப் போயிருந்தால், அதன் மேல் பொறித்த எண்களை அங்குள்ளவர் அறிக்கையில் குறித்திருக்கக்கூடும். அதுவும் இல்லையென்றால் “பொருள் உறுதியாகவில்லை” என்று காலவரிசையின் முதல் வரியிலேயே எழுதுங்கள், கடைசி அடிக்குறிப்பில் ஒளித்துவைக்காதீர்கள்.

கழற்றிய மூட்டை மறந்துவிடுவது

அது சாட்சியப் பொருள். மருத்துவமனை ஒரு நாள் குப்பையில் போட்டுவிடும். மறு ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருக்கிறது என்ற வரி கண்ணில் பட்டால் அன்றே வழக்கறிஞருக்குச் சொல்லுங்கள். பாதுகாத்து வைக்கச் சொல்லும் கடிதம் ஆபரேஷனுக்கு முன்பே போயாக வேண்டும்.

படிவத்தில் வெற்றிடம்

வழக்குத் தொடுத்தவர் தன் விவரங்களை நிரப்பித் தரும் வாதி விவரப் படிவத்தில் காலியாக விட்ட கட்டம், ‘இதைச் சரிசெய்’ என்னும் குறைபாட்டு நோட்டீஸாகத் திரும்பி வரும். கெடு தாண்டினால் வழக்கே தள்ளுபடியாகலாம்.

தொலைபேசிக் குறிப்புகளைத் தாண்டிப் போவது

ஆபரேஷன் அறிக்கையை வரிவரியாகப் படிப்பவர்கள்கூட, டாக்டர் அலுவலகத்தின் தொலைபேசிக் குறிப்பு வந்ததும் வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள். “நோயாளி அழைத்தார், மூட்டைத் திரும்பப் பெறுவதாகக் கடிதம் வந்ததாம், கவலையாக இருக்கிறார்” என்ற ஒற்றை வரி அங்கேதான் இருக்கும். உடல் காயத்துக்கு டென்னசியில் ஒரு வருடம், கலிபோர்னியாவில் இரண்டு, நியூயார்க்கில் மூன்று என்று கால வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் வேறு. தன் காயத்துக்குக் காரணம் இந்தப் பொருள்தான் என்று நோயாளி அறிந்த நாளிலிருந்து அதை எண்ணும் மாநிலங்கள் பல. கடிகாரம் எப்போது ஓடத் தொடங்கியது என்று முடிவு செய்வது வழக்கறிஞர் வேலை. அந்த வரியை அவர் கண்ணில் காட்டுவது உங்கள் வேலை.

கட்சிக்காரருக்குப் பாதகமானதை விட்டுவிடுவது

இரக்கப்பட்டுச் செய்வார்கள். புகைப்பழக்கம், பழைய விபத்து, மருந்தைச் சரியாகச் சாப்பிடாதது ஆகியவை காலவரிசையில் காணாமல் போகும். எதிர்த்தரப்பிடமும் அதே மருத்துவ ஆவணம் இருக்கிறது. அவர்கள் வக்கீல் வாக்குமூலத்தின்போது அந்தப் பக்கத்தை நீட்டுவார், நம் வழக்கறிஞர் அதை அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பார். ஏ.எஸ்.ஆர். சமரசத்தில் வயது, உடல் எடை, புகைப்பழக்கம் ஆகியவற்றுக்கெல்லாம் தொகையில் கழிவு இருந்தது. எவ்வளவு கழியும் என்று கட்சிக்காரருக்கு முன்கூட்டியே சொல்ல, அந்த வரிகள் வழக்கறிஞர் கையில் இருக்க வேண்டும். பார்த்ததைப் பக்க எண்ணோடு எழுதிவிட்டு நகருங்கள்.

“எனக்கு எவ்வளவு கிடைக்கும்?”

கட்சிக்காரர் இப்படிக் கேட்டால் பதில் சொல்லாதீர்கள். தோராயமாகக்கூட.

மெடிகேரைக் கேட்காமல் விடுவது

மெடிகேர் என்பது பெரும்பாலும் 65 வயதானவர்களுக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடு. சிகிச்சைக்கு அது பணம் கட்டியிருந்தால், இழப்பீட்டிலிருந்து அதைத் திருப்பிக் கேட்கும். 65 வயதுக்குக் கீழ் என்றால் மெடிகேர் இருக்காது என்று நீங்களாகவே முடிவுகட்டாதீர்கள். மத்திய அரசின் ஊனமுற்றோர் காப்பீட்டுத் தொகையை 24 மாதம் பெற்றவருக்கும் அது வந்துவிடும். சேர்க்கைப் படிவத்தில் காப்பீட்டுக் கட்டத்தைப் பாருங்கள், அட்டையின் நகல் இருந்தால் தனியாக எடுத்துவையுங்கள்.