சாஃப்ட் ஹேக்கிள் ஈ: இழுக்காதீர்கள், ஆறு ஓட்டட்டும்

ட்ரவுட் மீன் தன் இரையில் பெரும்பகுதியை நீருக்கு அடியில்தான் தின்கிறது. அதற்கென்றே இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் ஆறுகளில் உருவானவை சாஃப்ட் ஹேக்கிள் ஈக்கள், அதாவது தூண்டில் முள்ளில் நூலும் மென்மையான இறகும் சுற்றிச் செய்யும் போலிப் பூச்சிகள். தொடங்குவதற்கு 'பார்ட்ரிஜ் அண்ட் ஆரஞ்ச்' ஒன்றே போதும்: 14ஆம் எண் முள், ஆரஞ்சுப் பட்டு நூல், கழுத்தில் கவுதாரி இறகு. இறகை இரண்டு சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டாம். அடர்த்தியானால் இழைகள் நீரில் அசையாது, அசைவு இல்லாவிட்டால் இந்த ஈயால் பயனே இல்லை.

ஆற்றுக்குக் குறுக்கே, கீழ்நோக்கி 45 பாகையில் வீசுங்கள். வேகமான நடுநீர் தூண்டில் கயிற்றை (லைனை) வில்லாக வளைத்து ஈயை இழுத்துக்கொண்டு ஓடும். அந்த வளைவைத் தூண்டில் கோல் நுனியால் தூக்கி நீர் வரும் பக்கமாகப் போட்டுவிடுங்கள். பலர் சோம்பல்பட்டு விடும் வேலை இதுதான். ஈ மெதுவாகக் கடந்தால்தான் மீன் நம்பும். அப்புறம் ஈ போகும் திசையிலேயே கோலையும் திருப்பிக்கொண்டு வாருங்கள்.

ஈ உங்களுக்கு நேர் கீழே வந்து நின்றதும் உடனே எடுத்துவிடாதீர்கள், சில நொடிகள் விடுங்கள். லைன் இறுகும்போது ஈ மேலெழும். இறக்கை விரித்துப் பறப்பதற்காக நீர்மட்டத்துக்கு நீந்தும் பூச்சியும் அப்படித்தான் எழும். மீன் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் கடிக்கும்.

கடித்ததும் வெட்டி இழுக்க வேண்டாம். லைன் ஏற்கெனவே இறுகித்தான் இருக்கிறது, மீன் திரும்பும்போது முள் தானே ஏறும். கோலை மெல்ல உயர்த்துங்கள், சரியாக இருக்கும். ஓரிரு வீச்சுக்குப் பின் இரண்டடி கீழே நகர்ந்து மறுபடி வீசுங்கள்.