கத்தி வைப்பதற்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

அறுவைக்கு நாயையோ பூனையையோ கொண்டுவருபவர்களிடம் “காலையில ஏதாவது சாப்பிட்டுச்சாங்க?” என்று கேட்டால் பெரும்பாலும் “இல்லை” என்றுதான் பதில் வரும். யாரும் பொய் சொல்வதில்லை. ஒரு பிஸ்கட்டும், மாத்திரையை ஒளித்துக் கொடுத்த சீஸ் துண்டும், பூனை தானே போய் நக்கிய பாலும் அவர்கள் கணக்கில் சாப்பாடு இல்லை, அவ்வளவுதான். மாற வேண்டியது நம் கேள்வி. “கடைசியா வாயில என்ன போச்சு, எத்தனை மணிக்கு? வீட்டுல வேற யாராவது கொடுத்திருப்பாங்களா?” என்று கேளுங்கள். வெறும் வயிறு என்று எழுதி வாங்கிய ஒரு லாப்ரடார், முன்மயக்க ஊசி (முழு மயக்கத்துக்கு முன் அமைதிப்படுத்தப் போடுவது) போட்ட பத்தாவது நிமிடம் என் காலடியில் வாந்தி எடுத்தது. வந்தது பிஸ்கட். கொடுத்தது வீட்டுக் குழந்தை. விழுங்கும் அனிச்சை போன பிறகு அது மேலே வந்திருந்தால் நேராக நுரையீரலுக்குப் போயிருக்கும்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு தவறு உண்டு. எல்லா விலங்குக்கும் ஒரே பட்டினி விதி போடுவது. ஆரோக்கியமான வளர்ந்த நாய், பூனைக்கு 4 முதல் 6 மணி நேரம் போதும் என்பதே இன்றைய பரிந்துரைகளின் போக்கு. தண்ணீரை முன்மயக்க ஊசி வரை வைக்கலாம். எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டியை ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு மேல் பட்டினி போட்டால் ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும். முயலால் வாந்தி எடுக்க முடியாது. அதைப் பட்டினி போடுவதால் பயனில்லை, குடல் நின்றுபோகும் அபாயம்தான் கூடும். மாடு நேர்மாறு: ஒரு நாள் அளவுக்குத் தீவனம் நிறுத்தியும் அசைபோடும் இரை மேலேறும், வயிறு உப்பும். இன்சுலின் போடும் நாயா? மருத்துவரைக் கேட்காமல் வாய் திறக்காதீர்கள்.

எடை விஷயம் சுருக்கமாக. “பார்த்தா இருபது கிலோ இருக்கும்” என்பது எடை இல்லை. அன்று காலை, தராசில், கிலோவில். மூன்று கிலோ பூனைக்கு அரை கிலோ தப்பினால் மருந்து ஆறில் ஒரு பங்கு தப்புகிறது. 0.3 என்று எழுதும்போது முன்னால் உள்ள பூஜ்யத்தை விடாதீர்கள். புள்ளி மங்கினால் அது 3 ஆகிவிடும். விலங்கு மாறினாலும் அளவு மாறும்: அமைதிப்படுத்தும் மருந்தான சைலசினில், குதிரைக்குப் போடுவதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும்.

இனி எனக்கு உண்மையிலேயே பயம் தரும் இடம்: மயக்க இயந்திரத்தின் பாப்-ஆஃப் வால்வு, அதாவது மிகுதி வாயுவை வெளியே விடும் வால்வு. காலையில் கசிவு பார்க்கிறோம். வால்வை மூடி, குழாய் முனையைக் கட்டைவிரலால் அடைத்து, அழுத்தமானி 30 செ.மீ. நீர் காட்டும் வரை ஆக்சிஜன் நிரப்பி, 10 வினாடி முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்கிறோம். நின்றது, சரி. கட்டைவிரலை எடுக்கிறோம், காற்று வெளியேறுகிறது, அடுத்த வேலைக்குப் போகிறோம். வால்வு மூடியபடியே கிடக்கிறது. அரை மணி கழித்து அதில் ஒரு பூனையை இணைத்தால், உள்ளே போகும் வாயுவுக்கு வெளியேற வழியில்லை. இயந்திரத்தின் மூச்சுப் பை பலூன் மாதிரி உப்பும், நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறும், இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் தடைபடும். நுரையீரல் கிழிந்துபோகவும் கூடும். சின்ன விலங்குக்கு ஓரிரு நிமிடம் போதும். அதனால் கசிவுச் சோதனையின் அழுத்தத்தைக் கட்டைவிரலை எடுத்து இறக்காதீர்கள். வால்வைத் திறந்து இறக்குங்கள். வால்வு வேலை செய்கிறதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். நடுவில் பையை அழுத்தி மூச்சுக் கொடுக்க வால்வை மூடினால், திறக்கும் வரை அந்தக் கையை அங்கிருந்து எடுக்கக் கூடாது, யார் கூப்பிட்டாலும். விரலை எடுத்தால் தானே திறந்துகொள்ளும் பொத்தான் வகையும் கிடைக்கிறது. வாங்கச் சொல்லி வற்புறுத்துங்கள். பெயின் சர்க்யூட்டில் (இயந்திரத்தையும் விலங்கையும் இணைக்கும் ஒரு வகைக் குழாய் அமைப்பு) விலங்கு இருக்கும்போது, ஆக்சிஜனை ஒரேயடியாகப் பாய்ச்சும் ஃப்ளஷ் பொத்தானையும் தொடாதீர்கள், அதே காரணம்தான்.

முன்மயக்க ஊசி போட்டதும் அவசரப்படுவது இன்னொன்று. தசையில் போட்ட மருந்துக்கு 15, 20 நிமிடம் வேண்டும். நாய்கள் குரைக்கும் அறையில் காக்க வைத்தால் பயமே மருந்தைத் தோற்கடிக்கும், பிறகு மயக்க மருந்து கூடுதலாகத் தேவைப்படும்.

பூனைக்கு மூச்சுக்குழாய்க்குள் குழாய் வைக்கும்போது குரல்வளை சட்டென்று இறுகிக்கொள்ளும். மரத்துப்போகச் செய்யும் லிடோகைன் ஒரு துளி விட்டு முக்கால் நிமிடமாவது காத்திருங்கள், முட்டித் தள்ளாதீர்கள். குழாயைச் சுற்றியுள்ள சிறு பலூனான கஃபில் கசிவு நிற்கும் அளவுக்கு மட்டும் காற்று. பூனையைப் புரட்டும்போது ஒவ்வொரு முறையும் குழாயைச் சர்க்யூட்டிலிருந்து கழற்றுங்கள். குழாய் உள்ளே திருகினால் மூச்சுக்குழாய் கிழியும். கண்ணுக்குக் களிம்பு போட மறப்பதும் நிறைய நடக்கிறது. மயக்கத்தில் கண் திறந்தே இருக்கும், கண்ணீர் சுரப்பதும் குறையும்.

முடியை முந்தைய நாளே மழித்து வைப்பது வேலையை மிச்சப்படுத்துவதாகத் தோன்றும். ஆனால் பிளேடு போட்ட நுண்கீறல்களில் இரவு முழுவதும் கிருமி பெருகும். மயங்கிய பிறகு மழியுங்கள், அறுவை அறைக்கு வெளியே. இடையிடையே பிளேடை உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் வயிற்றுக்கும் சுடும். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் துடைப்பது நடுவிலிருந்து வெளியே. ஓரத்துக்குப் போன பஞ்சு நடுவுக்குத் திரும்பாது. கண்ணருகே குளோர்ஹெக்சிடின் வேண்டாம், நீர்த்த போவிடோன் அயோடின் கரைசல். ஸ்பிரிட்டை ஊற்றி முழுக்காட்டவும் வேண்டாம். மயங்கிய உடல் முதல் அரை மணியிலேயே வேகமாகக் குளிரும். அதைச் சரிசெய்ய வெந்நீர் பாட்டிலை ஒட்டி வைத்தால் தோல் வெந்துபோகும், மயங்கிய விலங்கால் நகரவோ கத்தவோ முடியாது.

கடைசித் தையல் போட்டதும் எல்லோருக்கும் ஒரு பெருமூச்சு வருகிறதே, அங்கேதான் கவனம் சிதறுகிறது. பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை நடந்த பெரிய ஆய்வில், மயக்கம் தொடர்பான இறப்பு நாய்களில் 0.17, பூனைகளில் 0.24, முயல்களில் 1.39 சதவீதம். பூனை, முயல் இரண்டிலும் பாதிக்கு மேற்பட்டவை அறுவை முடிந்த பிறகு இறந்தன. முதல் 3 மணி நேரமே அதிக ஆபத்தானது. எனவே கூண்டில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு அடுத்த விலங்குக்குப் போகாதீர்கள். நாய் விழுங்கத் தொடங்கும் வரை குழாய் இருக்கட்டும். பக், புல்டாக் மாதிரி தட்டை மூக்குக்காரர்களுக்குத் தலை தூக்கும் வரை. பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஈறின் நிறத்தைப் பாருங்கள், நெஞ்சில் கை வையுங்கள், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுதுங்கள்.