பைத்தானில் முதன்மை ஸ்கிரிப்டை இம்போர்ட் செய்யாதீர்கள்

மாட்யூலில் (துணைக் கோப்பில்) இருக்கும் ஃபங்ஷனை முதன்மை ஸ்கிரிப்டுக்கு, அதாவது நாம் நேரடியாக ஓட்டும் கோப்புக்கு, கொண்டுவருவது எளிது. ஒரு இம்போர்ட் வரி போதும். சிக்கல் எதிர்த்திசையில், அதாவது மாட்யூல் முதன்மை ஸ்கிரிப்டை இம்போர்ட் செய்யும்போதுதான். முதன்மை ஸ்கிரிப்டைப் பைத்தான் '__main__' என்ற தனிப்பெயரில் பதிந்துவைக்கிறது. அதே கோப்பை ஒரு மாட்யூல் அதன் சொந்தப் பெயரில் இம்போர்ட் செய்தால், பைத்தான் அதை வேறொரு கோப்பாகவே எடுத்துக்கொண்டு முதலிலிருந்து மறுபடி ஓட்டும். அப்புறம் ஒவ்வொரு குளோபல் மாறிக்கும் (கோப்பு முழுவதற்கும் பொதுவான மாறிக்கும்) இரண்டு நகல்கள். ஒன்றில் மாற்றியது மற்றதில் தெரியாது. பிழைச்செய்தி வராமலே போகலாம் என்பதால் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

இரு பக்கமும் தேவைப்படும் ஃபங்ஷன்களை மூன்றாவது கோப்பில் வையுங்கள். இரண்டும் அதிலிருந்து இம்போர்ட் செய்யட்டும். ஒரே ஒரு ஃபங்ஷன்தான் என்றால் தனிக் கோப்புகூட வேண்டாம், மாட்யூலின் ஃபங்ஷனை அழைக்கும்போது அதை ஆர்குமென்டாக (உள்ளீடாக) அனுப்பிவிடலாம். பெயரை மட்டும் அனுப்புங்கள். பின்னால் அடைப்புக்குறி போட்டால் அங்கேயே ஓடிவிடும்.