“இப்ப கோச்சி இல்லைதானே”: திருகோணமலைப் பாதையில் ரயில் கடவைத் தவறுகள்

கல்லோயாச் சந்தியில் பிரிந்து கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா வழியாகத் திருகோணமலைக்கு வரும் பாதையில் ரயில்கள் குறைவு. ஆபத்தே அதில்தான் இருக்கிறது. தினமும் கடவையைத் தாண்டுகிறவர்களுக்கு ரயில் நேரம் மனப்பாடம். “இப்ப கோச்சி இல்லைதானே” என்று வேகம் குறைக்காமலே ஏறிவிடுகிறார்கள். ஆனால் இரவு ரயில் தாமதமாகலாம். யானை நடமாடும் இடங்களில் சாரதி வேகத்தைக் குறைத்தால் நேரம் தள்ளிப்போகும். சரக்கு ரயிலும் பாதை திருத்தும் வண்டியும் நம் மனதிலுள்ள நேரசூசியில் இல்லவே இல்லை. ஒற்றைத் தண்டவாளம் என்பதால் எந்தப் பக்கமிருந்தும் வரும்.

மணியையும் விளக்கையும் மட்டும் நம்புவது அடுத்த தவறு. மணி அடித்தால் ரயில் வருகிறது என்று உறுதியாகக் கொள்ளுங்கள். அடிக்கவில்லை என்பதற்காக ரயில் இல்லை என்று கொள்ளாதீர்கள். கருவி பழுதாகியிருக்கலாம், மூங்கில் தடுப்புள்ள கடவையில் காவலர் இல்லாமலிருக்கலாம். தடுப்பு போட்டிருக்கும்போது சுற்றிப் புகுவதற்கு எந்த அவசரமும் நியாயமாகாது. 2005 ஏப்ரலில் பொல்கஹவெலக்கு அருகே யாங்கல்மோதரக் கடவையில் ரயிலை முந்தப் பார்த்த பஸ் மோதுண்டு 30 பேருக்கு மேல் இறந்தார்கள்.

தூரத்தைக் கண்ணால் அளப்பதும் ஏமாற்றும். பெரிய உருவம் மெல்ல வருவதாகவே தெரியும். நேரே நம்மை நோக்கி வரும் முகப்பு விளக்கு நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் இருந்து, கிட்ட வந்ததும் சட்டென்று பெருக்கும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ரயில் 10 செக்கனில் ஏறக்குறைய 165 மீற்றர் வந்துவிடும். அவசர பிரேக் போட்டாலும் சில நூறு மீற்றர் ஓடித்தான் நிற்கும்.

அறுவடைக் காலத்தில் நெல் ஏற்றிய உழவு இயந்திரங்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். பெட்டியோடு நீளம் 8 மீற்றர் என்று வையுங்கள். தண்டவாளத்துக்கு 5 மீற்றர் முன்னால் நின்று புறப்பட்டால், தண்டவாளத்தின் அகலத்தையும் மறுபக்க இடைவெளியையும் சேர்த்து, பெட்டியின் வால் பாதுகாப்பாக விலக 18 மீற்றர் ஓட வேண்டும். மணிக்கு 5 கிலோமீற்றர் வேகத்தில் அதற்கு 13 செக்கன், கிளம்பும் நேரத்தையும் சேர்த்தால் 15. அதற்குள் ரயில் 250 மீற்றர் வந்துவிடும். ஆகவே இரு பக்கமும் 500 மீற்றராவது தெளிவாகத் தெரிய வேண்டும். வளைவோ பற்றையோ மறைத்தால் ஒருவரை இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கியரை ஏறுமுன்னே போட்டு, தண்டவாளத்தில் மாற்றாமல் தாண்டுங்கள். மறுபக்கம் முழு வண்டிக்கும் இடம் இல்லாவிட்டால் ஏறவே வேண்டாம்.

மோட்டார் சைக்கிள்காரர்கள் சாய்வாகக் கடப்பதால் டயர் தண்டவாள ஓரத்து இடுக்கில் மாட்டும். மழையில் இரும்பு வழுக்கும். செங்கோணத்தில், பிரேக் பிடிக்காமல் கடக்க வேண்டும். கடவைக்கு முன்பே காதிலுள்ள இயர்போனைக் கழற்றுங்கள். கச்சான் காற்று பலமாக வீசும் மாதங்களில், காற்றுக்கு எதிர்த்து வரும் ஹோர்ன் ஓசை மிக மெலிந்தே கேட்கும்.

தண்டவாளத்தைக் குறுக்குப் பாதையாக்கி நடப்பது சட்டப்படியும் குற்றம். ரயில் பெட்டி தண்டவாளத்துக்கு வெளியே சுமார் இரண்டடி நீட்டிக்கொண்டிருக்கும், வாசலில் தொங்குகிறவர்கள் இன்னும் வெளியே. ஓரமாக ஒதுங்கி நிற்பது போதாது.

வண்டி தண்டவாளத்தில் நின்றுவிட்டால் ஸ்டார்ட் பண்ணிக்கொண்டே இருப்பதுதான் உயிரைக் கொல்லும் தவறு. முதலில் எல்லோரையும் இறக்குங்கள். ரயில் தெரிந்தால், அது வரும் திசையை நோக்கிச் சாய்வாக, தண்டவாளத்தை விட்டு விலகி ஓடுங்கள். மோதும்போது உடைந்த பாகங்கள் ரயில் போகும் திசையில்தான் பறக்கும். ரயில் தெரியாவிட்டால் இரண்டு பேர் இரு திசையிலும் தண்டவாளத்துக்கு வெளியே, முடிந்தவரை தூரம், ஓடிப்போய்ச் சிவப்புத் துணியோ இரவில் கைப்பேசி வெளிச்சமோ காட்டி வீச வேண்டும். மூன்றாமவர் 119க்கு அழைத்து, எந்த இரு நிலையங்களுக்கு நடுவில், எந்தக் கடவை என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லட்டும். அடிபட்டவர் இருந்தால் அம்புலன்சுக்கு 1990.