பெல் தேற்றத்தைத் துண்டுச்சீட்டில் சரிபார்ப்பது எப்படி

துகள்கள் விடைகளை முன்கூட்டியே சுமந்து வருகின்றன, தூரத்தில் நடப்பது அவற்றை உடனே பாதிக்காது என்று வைத்தால் குவாண்டம் கணக்கோடு ஒத்துப்போகாது என்பதுதான் பெல் தேற்றம். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது நான் ‘கடவுள் பகடை ஆடுவதில்லை’ என்ற ஐன்ஸ்டைனின் பேச்சில் ஆரம்பிப்பதில்லை. பேச்சு கடவுள் பக்கம் போய்விடும். நேராகச் சீட்டை எடுங்கள்.

ஒளி வடிகட்டியைத் திருப்பி வைக்கும் கோணங்களாக 0, 60, 120 டிகிரி என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘கடக்கும்’ அல்லது ‘கடக்காது’ என்று இஷ்டப்படி குறியுங்கள். பிணைந்த, அதாவது ஜோடியாகப் பிறந்து விடைகள் தொடர்புபட்ட, இரண்டு ஃபோட்டான்களும் (ஒளித்துகள்களும்) கிளம்பும்போதே இதே சீட்டின் நகலைச் சட்டைப்பையில் வைத்திருக்கின்றன என்று வையுங்கள். ஒரே கோணத்து வடிகட்டிகளில் இரண்டும் எப்போதும் ஒத்துப்போவதற்கு அதுதானே எளிய விளக்கம்?

இப்போது வெவ்வேறு கோணங்களை இரண்டிரண்டாகச் சேருங்கள், மூன்று ஜோடி. விடை இரண்டே வகை என்பதால் ஒரு ஜோடியாவது ஒத்துப்போகும். எட்டு விதமாகவும் நிரப்பிப் பாருங்கள், தப்பிக்க வழியே இல்லை. ஆக, ஜோடியைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்தால் ஒற்றுமை சராசரியாக 1/3-க்குக் கீழே இறங்காது.

இதே ஒற்றுமைக்குக் குவாண்டம் கணக்கோ 60 டிகிரி கோசைனின் வர்க்கம், அதாவது 1/4; 1/3-ஐவிடக் குறைவு. இயற்பியலாளர் ஜான் பெல் 1964-ல் காட்டிய முரண் இந்த வகைதான். 1982-ல் அலைன் ஆஸ்பே குழு ஃபோட்டான்களில் அளந்தபோது குவாண்டமே ஜெயித்தது.

சீட்டை விடமாட்டேன் என்பவர்களுக்கு துகள்கள் மறைவான விவரங்களைச் சுமக்கின்றன என்னும் இயற்பியலாளர் டேவிட் போமின் வழி உண்டு. ஆனால் இங்கே வைத்த கோணம் அங்கே உடனே பாதிக்கும் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் ஒளியை முந்திச் சேதி அனுப்பலாமா என்று நிச்சயம் ஒருவர் கேட்பார். ஒரு பக்கத்து விடைகளை மட்டும் எழுதச் சொல்லுங்கள்: எந்தக் கோணமானாலும் பாதி கடக்கும், பாதி கடக்காது. அதில் படிக்க ஒன்றும் இல்லை.